நூற்றெழுபத்தாறு படி

திபிலீசியின் க்ல்தானிப் பகுதியில்
எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
நவம்பரில் ஒருநாள் காசை விழுங்கிவிட்டு
நான்காம் மாடியில் வாயை மூடிக்கொண்டது.

எனக்கு அப்போது
முழங்கால் அறுவை முடிந்து மூன்றாவது வாரம்.
ஏழாம் மாடி. கதவோரம் நாற்காலி.
காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி.

பதினொன்றாம் மாடி லாம்ஸிரா
ரொட்டிக்கடை இரவு வேலை முடித்து
விடிகாலையில் ஏறி வருவாள்,
ஜெர்மன் சொற்களை மூச்சோடு மென்றபடி.
ஷ்டுட்கார்ட்டில் ஏதோ முதியோர் இல்லம்,
மொழித் தேர்வில் தேறினால் வேலையாம்.
வயது நாற்பத்தாறு.
பாடம் ஏறாத மண்டை என்று
தன்னைத் தானே சொல்லிக்கொள்வாள்.

படிக்கு ஒரு சொல்.
டெர் லோஃபெல், கரண்டி.
டீ டெக்க, போர்வை.
கரண்டி ஏன் ஆண், போர்வை ஏன் பெண் என்று
படிகள் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.
ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்கும்.
ஆறில் சொல் உடைந்து இரண்டாகும்.
என் கதவுக்கு வெளியே சற்று நிற்பாள்;
அவள் நெஞ்சு அடிப்பது
கதவின் மரத்தில் கேட்பதாக எனக்குப் படும்.
பிறகு அதே சொல்,
கழுவித் துடைத்த தட்டுப் போல.

ஒரு நாள் விடாமல் நானும் கேட்டேன்.
சரியாகச் சொன்னால் எனக்குத்தான் வசதி அதிகம்:
மூச்சிரைப்பு இல்லை,
கையில் தேநீர் வேறு.

மார்ச்சில் கதவைத் தட்டினாள்.
"தேறிவிட்டேன், ஜும்பெர்!
காயக் கட்டுக்கு என்ன சொல்லென்று
தேர்வில் மறந்துபோச்சு.
மேசைக்கடியில் குதிகால் தானாகத் தட்டியது,
ஒன்று, இரண்டு, மூன்று...
ஒன்பதாம் மாடித் திருப்பத்தில் கிடைத்தது.
நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்,
கரண்டிக்கு என்ன, சொல்லுங்கள்?"

நான் கரண்டியைப் பார்த்தேன்.
கரண்டி என்னைப் பார்த்தது.

அன்றிரவு கணக்கெடுத்தேன்.
அடுப்பில் கருகிய கெட்டில் இரண்டு.
என்ன கிழமை என்று ரேடியோவைக் கேட்க வேண்டியிருந்தது.
தங்கை நாஸிப்ரோலாவின் தொலைபேசி எண்ணில்
கடைசி மூன்று இலக்கங்களைக் காணோம்.
முழங்காலைத்தானே அறுத்தார்கள்,
தலையிலிருந்து எதை எடுத்தார்கள்?

பிசியோதெரபி பெண் கறார்.
"எதையும் எடுக்கவில்லை. நீங்கள்தான் தீனி போடவில்லை.
மூளைக்குள் கடல்குதிரை வடிவில் ஒரு துண்டு,
புதியதைப் பிடித்து வைக்கிற இடம்.
நெஞ்சு படபடக்க நடந்தால் அதற்கு ரத்தம் போகும்.
உட்கார்ந்தே இருந்தால் சுருங்கும்.
எழுந்திருங்கள்."

ஒரு மாடி இறங்கி ஒரு மாடி ஏறினேன்.
பதினாறு படி.
கைப்பிடிக் கம்பியின் துரு உள்ளங்கையில்.
மறுவாரம் இரண்டு மாடி.
கெட்ட வார்த்தைகள் மட்டும்
சரளமாக நினைவுக்கு வந்தன.

ஏப்ரலில் லிஃப்டைச் சரிசெய்தார்கள்.
கீழே வரிசை. நானும் நின்றேன், விரலிடுக்கில் நாணயம்.
லாம்ஸிரா வரிசையைக் கடந்து
உருளைக்கிழங்குப் பையோடு படியேறினாள்.
விசாவுக்கு இன்னும் ஆறு வாரம்,
இன்னும் நானூறு சொல் பாக்கி என்றாள்.
கஞ்சம் என்றது வரிசை.
நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டேன்.

இப்போது அவள் ஷ்டுட்கார்ட்டில்
யாருக்கோ போர்வை இழுத்துவிடுகிறாள்.
எனக்கு ஜெர்மனி வேண்டாம்.
ஒரு சீட்டில் மூன்று இலக்கம் எழுதி
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.
எட்டு, மூன்றாம் மாடி, யாரோ வதக்கும் வெங்காயம்.
பூஜ்யம், ஐந்தாம் மாடி, உடைந்த ஜன்னல், காற்று.
நான்கு,
என் கதவு, வியர்வை, முழங்காலில் நெருப்பு.
பத்து நாளில் சீட்டு பையிலேயே கசங்கிப்போனது.

நேற்று, ஏறி முடித்த கையோடு
எண்ணைச் சுழற்றினேன்.
பேச வரவில்லை, புஸ் புஸ்ஸென்று மூச்சு மட்டும்.
மறுமுனையில் நாஸிப்ரோலா:
"யாரது?"
சற்றுப் பொறுத்து,
"அண்ணனா? உன்னை யார் துரத்துகிறார்கள்?"